பதினொரு மணிக் கையெழுத்து

கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று என் படிவத்தைத் திருப்பித் தந்தபோது அந்த வங்கிக் கவுண்டரில் இருந்த பெண் சங்கடப்பட்டாள். எனக்கு அது வியப்பாக இருந்தது. நான் அரியலூர் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 'கையொப்பம் மாறுபடுகிறது' என்று சிவப்பு மையில் எழுதி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருமுறைகூடச் சங்கடப்பட்டதாக நினைவில்லை.

"சிஸ்டத்துல இருக்கறது பெருசா இருக்குங்க சார். நீங்க போட்டது ரொம்பச் சின்னது. இன்னொரு தடவ போட்டுப் பாக்கறீங்களா?"

போட்டேன். முதலில் போட்டதைவிடச் சின்னதாக வந்தது. முதல் எழுத்து ஒழுங்காகத் தொடங்கியது. அடுத்தது அதில் பாதி. கடைசி எழுத்துக்குப் போவதற்குள் எறும்பு வரிசை. கீழே இழுக்கும் கோடு ஒரு காலத்தில் தாளின் ஓரம்வரை ஓடும். இப்போது பேனா நகர்ந்ததற்கு அடையாளமாக ஒரு கீறல் மட்டும் இருந்தது.

மேலாளர் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். என் மகன் வயதிருக்கும், நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நம்மை எளிதாக விட்டுக்கொடுக்க வைத்துவிடுவார்கள்.

"ஏன் சார் சிரமப்படறீங்க? கைநாட்டுக்கு மாத்திக்கிட்டா பிரச்சனையே இல்ல. ரெண்டு சாட்சி, ஒரு டாக்டர் சர்டிபிகேட். நானே எல்லாம் முடிச்சுக் குடுத்துடறேன்." சொல்லிக்கொண்டே மேசையில் இருந்த ஸ்டாம்ப் பேடை என் பக்கம் லேசாக நகர்த்தினார்.

"கைநாட்டு வைக்க மாட்டேன்."

"அதுல ஒரு தப்பும் இல்லீங்க சார்."

"தப்புன்னு சொல்லல. வைக்க மாட்டேன்னு சொல்றேன். மாதிரிக் கையெழுத்தப் புதுப்பிக்கறதுக்கு ஒரு கார்டு இருக்கு. உங்க முன்னால மூணு தடவ போடணும், ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும், நீங்க சான்று போடணும். அதுக்கு டாக்டரும் வேணாம், சாட்சியும் வேணாம்."

அந்த நடைமுறை அவருக்குத் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும் என்பதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னார். "அன்னிக்கும் சரியா வரலைன்னா, சார்..." என்று இழுத்தார்.

"வரலைன்னா நானே விரல நீட்டறேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். எழுந்திருக்கவே மூன்று முயற்சி வேண்டியிருந்தது என்பதால் அந்த வசனத்தின் வீரியம் கொஞ்சம் குறைந்துபோனது.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று பதிவேட்டில் கட்டைவிரலை வைத்தார். வைத்த கையோடு விரலைத் தலைமயிரில் தேய்த்துக்கொண்டார். அப்போது எல்லோரும் அப்படித்தான். சுவரில் தேய்த்தால் வாத்தியார் திட்டுவார், வேட்டியில் தேய்த்தால் கறை போகாது, கறுத்த மயிரில் மை தெரியாது. பல வருடம் கழித்து, அவர் தலை நரைத்த பிறகு, எங்கேயோ கைநாட்டு வைத்துவிட்டுப் பழக்கத்தில் தலையில் தேய்த்துக்கொண்டு, வெள்ளை மயிரில் நீலக் கறையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அப்போது வேலையில் சேர்ந்திருந்தேன். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். முழுதாகப் போகவில்லை. இன்று என் தலையும் நரைத்துவிட்டது.

என் நோயை ஊரில் நடுக்குவாதம் என்பார்கள். மருத்துவர் பார்க்கின்சன் என்றார். எனக்கு நடுக்கம் குறைவு, சுருக்கம்தான் அதிகம். நடை சுருங்கியது, குரல் சுருங்கியது, கடைசியில் கையெழுத்தில் கை வைத்தது. எட்டு மாதமாக மாத்திரை போடுகிறேன். பெரிய பலன் இல்லை. வங்கிக்குப் போய்வந்த அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, திருச்சியிலிருந்து வாரம் ஒருநாள் பெரம்பலூர் வந்து பார்க்கும் நரம்பியல் மருத்துவரிடம், ஒரு மேல்முறையீட்டு மனுவின் தோரணையில் போய் உட்கார்ந்தேன். முப்பதுகளில் இருக்கும் பெண். அதிகம் பேச மாட்டார்.

"மருந்து வேலை செய்யலைங்க."

"எப்படிப் போடறீங்க?"

"மூணு வேளையும், சாப்பிட்ட கையோட."

பக்கத்தில் இருந்த என் மனைவி விட்டுப்போனதைச் சேர்த்தாள். "பால்லதாங்க குடுக்கறேன். ஒரு வேளகூடத் தவறுனதில்ல. மாத்திர சூடு இல்லீங்களா, பால் தணிச்சுடும்."

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். "காலையில என்ன சாப்பாடு?"

"ரெண்டு முட்ட, இட்லி, பருப்பு ஊத்தி சாம்பார். ஒடம்பு தேறணும்ல," என்றாள் மனைவி.

அதன் பிறகு அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறேன். "மூளைக்குள்ள போற ரத்தக்குழாயோட சுவர் மத்த இடம் மாதிரி இல்லீங்க. செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சந்தே இருக்காது. ரத்தத்துல வர்ற எல்லாத்தையும் உள்ள விடாது. விஷத்தையும் விடாது, முக்காவாசி மருந்தையும் விடாது. உங்களுக்குக் குறையறது டோபமின். அதையே குடுத்தா சுவருக்கு வெளிய நின்னுடும். அதனால அது உருவாகறதுக்கு முன்னாடி இருக்கற பொருளக் குடுக்கறோம். லெவோடோபா. புரோட்டீன் செரிச்சு வர்ற அமினோ அமிலங்கள உள்ள விட அந்தச் சுவர்ல ஒரு வாசல் இருக்கு. லெவோடோபாவும் பாக்கறதுக்கு அது மாதிரிதான் இருக்கும், அதனால அதே வாசல்ல நுழைஞ்சுடும். உள்ள போனப்புறம் மூளையே அத டோபமினா மாத்திக்கும்."

"அப்ப பாலு, முட்ட, பருப்பு?"

"அத்தனையும் அதே வாசலுக்குத்தான் வருதுங்க சார். கூட்டத்துல உங்க மாத்திர கடைசியில நிக்குது."

எனக்கு இதைவிடத் தெளிவாக உலகத்தில் எதுவும் புரிந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இதைத்தான் செய்தேன். ஆணையாகக் கையெழுத்தான தாளை எந்த அலுவலகத்துக்குள்ளும் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே சந்தேகப்படுவார்கள். வரைவாகக் கொண்டுபோனால் தபால் பிரிவு வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் கையெழுத்துப் போட்டதும் அதுவே ஆணை. மாத்திரையில் இன்னொரு மருந்தும் கலந்திருக்கிறதாம். அது மூளைக்குள் போகாது. வழியில் வேறு யாரும் வரைவைப் பிரித்து ஆணையாக்கிவிடாமல் சுவர்வரை காவலாக வந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொள்ளும். அப்படிப்பட்ட கடைநிலை ஊழியர் ஒருவர் எங்களிடமும் இருந்தார். கோப்பை உள்ளே அனுப்பிவிட்டு வெளியில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அலுவலகம் நடந்தது அவரால்தான்.

"வெறும் தண்ணியில போடுங்க," என்றார் மருத்துவர். "சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, இல்ல சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு. கொமட்டுனா ரெண்டு வாய் பொரி. பருப்பு, முட்டையெல்லாம் விட்டுடாதீங்க, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளி வச்சுக்குங்க."

ஆட்டோவில் மனைவி மருந்துச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பாலக்கரை தாண்டிய பிறகு, "எட்டு மாசமா நானே வாசல மறிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்," என்றாள்.

"நின்னது பாலு. நீ ஊத்துன, நான் குடிச்சேன். விதிப்படி குடிச்சவந்தான் பொறுப்பு."

"எல்லாத்துக்கும் ஒரு விதி," என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் தேடித் தேடிப் படித்தேன். இந்தச் சுவரைத் தாண்ட உலகமெங்கும் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நுண்குமிழிகளை ரத்தத்தில் விட்டு, வெளியிலிருந்து ஒலியலை பாய்ச்சி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுவரைச் சில மணி நேரம் திறந்து மூடுகிறார்களாம். எங்கள் துறையில் இதற்குச் சிறப்பு அனுமதி என்று பெயர். எப்போதும் மாலைக்குள் ரத்தாகிவிடும். மூக்கு வழியாக மருந்தை ஏற்றிப் பின்வாசலில் அனுப்பப் பார்க்கிறார்கள். இரும்புச்சத்தைச் சுமந்து போகும் புரதத்துக்குத் தனி வாசல் இருக்கிறது, அந்த வாசலைத் திறக்கும் ஒன்றோடு மருந்தைக் கட்டி அனுப்புகிறார்கள். பெரிய மனிதரின் காரில் தொற்றிக்கொண்டு தலைமைச் செயலகத்துக்குள் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இதில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இவை எதுவும் வெள்ளிக்கிழமைக்குள் பெரம்பலூர் வந்து சேராது. என் கையில் இருந்தது மாத்திரையும் தண்ணீரும் கடிகாரமும்தான்.

அவ்வளவு போதும் என்று முடிவு செய்தேன். அடுப்படிச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம், மாத்திரை போட்டதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் நேரம் குறித்தேன். முதல் மூன்று நாள் எல்லாமே எறும்பு. நான்காம் நாள் பத்து மணி மாத்திரைக்கு, பத்து ஐம்பதுக்குப் போட்ட கையெழுத்தின் கோடு தாளின் ஓரத்தைத் தொட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காணாமல் போன ஆள் வாசலில் வந்து நிற்பதுபோல இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடி சுருங்கியது. அடுத்த நாளும் அப்படியே. ஆக, பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை என் கை என்னுடையது. மேலாளர் சொன்ன பதினொரு மணி அதற்குள் அடங்கும்.

புதன்கிழமை ஆண்டிமடத்திலிருந்து அக்கா வந்தது. சொந்தக் கொல்லை முந்திரி, உப்புப் போட்டு வறுத்து ஒரு பை நிறைய.

"பகல்ல முந்திரி தின்னக்கூடாதுக்கா. புரோட்டீன்."

"யாருடா சொன்னது?"

"டாக்டரு."

"அந்த டாக்டரு ஆண்டிமடத்துல பொறக்கல, அதான். மூளைக்கே முந்திரிதான்டா. இத்தன வருசமா எங்க வூட்ல தின்னுட்டு யாரு கை சுருங்கிப் போச்சு?"

"மூளைக்குப் போற வாசல்லதாங்க அண்ணி இது நின்னுக்குது," என்றாள் மனைவி, அட்டவணையைக் காட்டி.

அக்கா அட்டவணையை உற்றுப் பார்த்தது. அதற்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?"

"ராத்திரிதான் முந்திரின்னு எழுதியிருக்கு."

"ராத்திரி தின்னா செரிக்குமாடி? ஆபீஸ்லதான் எல்லாத்தையும் நிறுத்தி வச்சான்னா, வூட்டுக்கு வந்துமா?"

வியாழக்கிழமை ஒத்திகை. பத்து மணிக்கு மாத்திரை, தண்ணீர், பொரி. பத்து ஐம்பதுக்கு எறும்பு. பதினொன்றுக்கு எறும்பு. பதினொன்றரைக்கு அதனினும் சிறிய எறும்பு. மறுநாள் வெள்ளி. மருந்து கைவிட்டுவிட்டது என்று நினைத்தேன். விரலை நீட்டுவதாக நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் கையை விட்டாள். உப்புத் தூளும் உடைந்த முந்திரி இரண்டும் வந்தன.

"இது என்னங்க?"

காலையில் செய்தித்தாள் படித்துக்கொண்டே ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டிருந்தேன். அட்டவணையை எழுதியவன் நான், ஒட்டியவன் நான். ஊரில் எல்லோரும் விதியை மீறுகிறார்கள் என்று பணிக்காலம் முழுக்கப் புலம்பியவனும் நான்.

"எத்தன தின்னீங்க?"

"எண்ணல."

"அண்ணி, இவரு சட்டைய வாங்கிக்குங்க," என்றாள். அக்கா சிரித்துச் சிரித்து இருமியது. ஆனால் பையை எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்ததும் அக்காதான். "நாளைக்கு எதுக்குப் போற?" என்று கேட்டது. சொன்னேன். கைநாட்டு என்றதும் சிரிப்பு நின்றது. "நான் வைக்கிறேன், எனக்கு எழுதத் தெரியாது. நீ வைக்காத," என்றது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே கஞ்சி, சின்ன வெங்காயம். பத்துக்கு மாத்திரை. பத்தே முக்காலுக்கு வங்கியில் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். தொடையில் விரலால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். வந்தது.

மேலாளர் கதவை மூடிக்கொண்டு ஏதோ வீடியோ மீட்டிங்கில் இருந்தார். பதினொன்று. பதினொன்றே கால். ஊழியர் ஒருவர் மரியாதைக்கு இரண்டு டீ கொண்டுவந்து நீட்டினார். மனைவி அதை என் கைக்கு வருமுன் வாங்கி, கண்ணைப் பார்த்துக்கொண்டே தானே குடித்தாள். இரண்டையும்.

அந்தக் காத்திருப்பில்தான் தா.பழூர் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நினைவுக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்று மூன்று முறை கையெழுத்துப் போட்டார். மூன்றும் சின்னதாக, அச்சடித்த எழுத்துபோல அழகாக இருந்தன. பழைய பதிவில் இருந்தது பெரியது. "நாளைக்கு வந்து போட்டுப் பாக்கட்டுமா தம்பி? காலையில கை நல்லாருக்கும்," என்று கேட்டார். விதியில் இடமில்லை என்றேன். அவர் விரலை நானே பிடித்து மையில் உருட்டி வைத்தேன். துடைக்கத் துணியும் கொடுத்தேன், அதுவும் நடைமுறைதான். விதியில் இடம் இருந்தது. அன்று சாயங்காலம் அந்தக் கோப்பை முடித்துவிட்டால் மேசை காலியாகும் என்பதற்கு மேல் எனக்குக் காரணம் இல்லை. எந்த வேளைக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

பதினொன்று முப்பத்தைந்து. நான் எழுந்து கதவைத் தட்டினேன். தட்டியதும் திறந்தேன்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்," என்றார் மேலாளர் திரையைப் பார்த்தபடி.

"எங்கிட்ட பத்து நிமிஷந்தான் இருக்கு. அதுல அஞ்ச உங்களுக்குத் தர முடியாதுங்க. பதினொரு மணின்னு நீங்கதான் சொன்னீங்க. கார்டக் குடுங்க, உங்க மீட்டிங் பாட்டுக்கு ஓடட்டும்."

திரையில் இருந்த யாரோ என்ன என்று கேட்டார்கள். அவர் ஒலியை அணைத்துவிட்டு அட்டையை எடுத்தார். பேனா என்னுடையது. வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

முதல் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. கோடு போய் ஓரத்தில் இடித்தது. இரண்டாவது கொஞ்சம் அடக்கமாக, ஆனால் அதே ஆள். மூன்றாவதைத் தொடங்கும்போதே கை கனப்பது தெரிந்தது. நிறுத்தவில்லை. எழுத்துகள் எல்லாம் வந்தன, வளைவுகள் எல்லாம் வந்தன. முதலாவதில் பாதி அளவில் வந்தன.

மேலாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "மொத ரெண்டும் பிரமாதம் சார். மூணாவது சின்னதாப் போச்சே. வேற கார்டு தரேன், இன்னொரு நாள் வாங்க, மூணையும் பெருசாவே போட்டுடலாம்."

"வேணாங்க. எழுத்து அதுதானா, பாருங்க."

பார்த்தார். "எழுத்து அதேதான்."

"வளைவு, புள்ளி, கோடு?"

"இருக்கு. அளவுதான்."

"எழுத்தோட தன்மை ஒத்துப்போகணும்னுதான் விதி. அளவப் பத்தி ஒண்ணும் இல்ல. நான் இத்தன வருசம் அதப் படிச்சிருக்கேன். யாருக்கும் சொன்னதில்ல, அவ்வளவுதான். மூணும் என் கையெழுத்து. மருந்து கேக்கறப்ப போடறது ரெண்டு, மருந்து எறங்குனப்பறம் போடறது ஒண்ணு. அப்படியே ஏத்துங்க."

அவர் மூன்றின் மேலும் பேனா முனையை ஓட்டிப் பார்த்தார். திரையில் யாரோ கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு சான்று வரியில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். முத்திரைக்கு அந்த ஸ்டாம்ப் பேடைத்தான் திறந்தார். வேலை முடிந்ததும் மூடி வைத்தார்.

அட்டையை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற அரைமணி ஆனது. அதற்குள் என் கை முழுதாகக் கையை விரித்துவிட்டது. அதே கவுண்டர், அதே பெண். புதுப் படிவத்தில் நான் போட்டது நிச்சயமாக எறும்புதான். அவள் அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவதோட ஒத்துப்போகுதுங்க சார்," என்றாள் கவுண்டர் பெண்.

வெளியில் வந்து ஆட்டோவுக்கு நின்றோம். மனைவி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்ததில் கொஞ்சம். அக்கா கொடுத்தனுப்பியதாம்.

"இப்பத் தின்னுங்க. அடுத்த மாத்திரைக்கு நேரம் இருக்கு. வாசல்ல ஆளில்ல."

மருந்து இறங்கிய கையிலிருந்து பாதி கீழே விழுந்தது. மீதியைத் தின்றேன். விரலில் ஒட்டிய உப்பைத் தலையில் தேய்த்துக்கொண்டேன்.

"கைக்குட்ட இருக்குல்ல, அத வச்சுக்கிட்டு எதுக்குங்க தலையில தேய்க்கறீங்க," என்று திட்டினாள்.